விரல் கணக்கு

கிருணாவில் டிசம்பர் பாதியில்
சூரியன் மூன்று வாரம் லீவு போடும்.
அந்த வாரங்களில்தான் நாங்கள் நாலு பேர்
கனவுக்குள் விழித்துக்கொள்ளப் பழகினோம்.
சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறை, காலை ஷிஃப்ட்.
திரையில் ஆளில்லா ரயில்கள்
இரும்புத் தாது சுமந்து தம்பாட்டுக்குப் போகும்.
பேச நேரம் நிறைய.

தன் வழிதான் எளிது என்றாள் ஹில்மா.
எட்டரைக்குப் படு.
ஒன்றரை வாக்கில் கீழே வெடி வைப்பார்கள்,
கட்டில் ஒரு தரம் குலுங்கும், எழுந்திரு.
அரைமணி எதையாவது படித்துவிட்டு மறுபடி படு.
அதன்பின் வருவதெல்லாம் கெட்டிக் கனவு.
அலாரம் வாங்கும் காசும் மிச்சம்.
எழுந்தேன். பனி தள்ளும் வண்டியின் கையேட்டைப் படித்தேன்.
விடியும்வரை தூங்கவில்லை.
விடியும்வரை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன்,
விடியவில்லை.

யோர்கன் முகமூடி வாங்கியிருந்தான்.
இமைக்குள் கண்மணி ஓடத் தொடங்கினால்
உள்ளே சிவப்பு விளக்கு மினுக்கும்.
கனவில் அவனுக்கு முன்னால் போன கார்
பிரேக் போட்டதாம், இவனும் போட்டானாம்.
எட்டு இரவு, எட்டு பிரேக்.
இது கனவு என்று ஒருநாளும் உறைக்கவில்லை.
நல்ல டிரைவர், அவ்வளவுதான்.

என் வழி ஒற்றை வாக்கியம்.
'அடுத்த கனவில், இது கனவென்று நினைவு வரும்.'
சொல்லச் சொல்லத் தேய்ந்து
'அடுத்த நினைவில், இது நினைவென்று கனவு வரும்'
என்று ஒரு ராத்திரி புரண்டுகொண்டது.
அன்று யாரோ என்னைச் சுவர் என்று நினைத்து
வெள்ளையடித்துவிட்டுப் போன மாதிரி
ஒன்றுமே வரவில்லை.

பிறகுதான் விரல் கணக்கு.
பகலில் அடிக்கடி நின்று விரலை எண்ண வேண்டும்.
பழக்கம் கனவுக்குள்ளும் வந்துவிடும்.
அங்கே கை ஒழுங்காக இருக்காது,
ஆறாவது முளைக்கும், எண்ண எண்ண வழுக்கும்.
காபி மெஷின் பக்கத்தில் நின்று
ஒன்றாம் வகுப்பு மாதிரி எண்ணினோம்.
ரைமோ எண்ணவில்லை.
அவன் இடது மோதிரவிரலை
கன்வேயர் எடுத்துக்கொண்டு பதினோரு வருஷம்.
எங்களுக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

'எனக்கு இது நன்றாகவே பலிக்கும்' என்றான்.
'எண்ணுவேன். பத்து இருக்கும்.
பத்து இருந்தால் கனவு.
தெரிந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள், பறப்பீர்களா?
நான் அந்த விரலால் மூக்கைச் சொறிவேன்.
ஒருதரம் சூடான அடுப்பைத் தொட்டேன்.'
கோப்பையை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான்.
'இப்போதெல்லாம் அங்கே கையை
பாக்கெட்டை விட்டு எடுப்பதில்லை.
எண்ணினால்தானே தெரியும்.'

எனக்கு ஒரே ஒரு தடவை பலித்தது,
விரலால் அல்ல, வாக்கியத்தாலும் அல்ல.
ஊரோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போன மணிக்கூண்டு
பழைய இடத்திலேயே நின்றது.
ஓகோ, என்றேன்.
பறக்கலாம் என்று குதிகாலைத் தூக்கும்போது
எதிரே ரைமோ, இடக்கை கோட்டுக்குள்.

எடு என்றால் எடுப்பான்.
கனவு என்னுடையது,
அதில் எத்தனை விரல் என்பதும் என் கையில்.
வாய்வரை வந்தது.
'நல்ல குளிர்' என்றேன்.
'ஆமாம்' என்றான்.
பஸ்ஸுக்கு நின்றோம்.
வளைவில் அதன் வெளிச்சம் திரும்பும்போது
கீழே வெடி வைத்தார்கள்.