நாலு வினாடி

ஹல் நகரம், மாசி மாதக் குளிர்.
தேவாலய மண்டபம் மணிக்குப் பதினெட்டு பவுண்,
ஹீட்டருக்குத் தனிக் கணக்கு.
காலையில் பதினொரு பேர்.
மூடப்போகும் பஸ் டிப்போவின் கன்டீனைப் பற்றி
ஒரு புதிய இசை நாடகம்.
முடிவு இன்னும் இல்லை.
எழுதிய முடிவுகள் மூன்றும் குப்பைக் கூடையில்,
மூன்றாவதை மட்டும் யாரோ எடுத்து
மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ரோரி பியானோவை விட்டு எழும்ப மாட்டான்.
தேநீர் ஊற்றுகிறவள் பாட
அவன் போட்ட பாட்டு அழகு.
அழகுதான் சிக்கல்.
அது வந்ததும் கதை
கைகட்டி ஓரமாய் நின்று கேட்கிறது,
எங்கே போகப் புறப்பட்டோம் என்பதை மறந்துவிடுகிறது.
வெட்டுவோம் என்றேன்.
பியானோ மூடியை அவன் மெல்ல மூடினான்.
ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.
மெல்ல மூடியதுதான் சுட்டது.

என்ன வேலை என்று
விமான நிலையத்தில் ஓர் அதிகாரி ஒருமுறை கேட்டார்.
எழுதுவதில்லை, பாடுவதில்லை, நடிப்பதுமில்லை.
"கதிரையை இரண்டு அங்குலம் தள்ளிப் போடச் சொல்வேன்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
முத்திரை குத்தினார்.

பின்னேரம் ஒரே ஒருத்தி.
மொரீன் தாக்ரே, அறுபத்து மூன்று வயது,
ஒற்றையாள் நாடகம், ஒரு மணி ஐந்து நிமிடம்.
பதினொரு பேரை நகர்த்துவது போக்குவரத்து வேலை.
ஒருத்தியை நகர்த்துவதற்கு
எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை.
அவள் மூச்செடுக்கும் இடமெல்லாம்
என் பிரதியில் பென்சில் புள்ளிகள்,
பக்கம் பக்கமாய் எறும்பு ஊர்ந்தது போல.

முன்னோட்டக் காட்சி, மதுக்கடைக்கு மேல்மாடி.
ஒன்பது பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
நாற்பத்தோராம் நிமிடம்
வெறுங்கதிரையைப் பார்த்து மொரீன் கேட்க வேண்டும்,
செத்துப்போன புருஷனிடம்:
"பின்கதவு பூட்டியாச்சா?"
கேட்டாள்.
பதில் எழுதப்படாத கேள்வி அது.
கடைசி வரிசையில்
ஈரக் கோட்டு ஒன்றுக்குள்ளிருந்து ஒரு குரல்,
"ஓம் செல்லம், பூட்டிட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
அவள் திரும்பவில்லை.
தோள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது.
ஏழு கிழமையாய் அந்தத் தோளை இறக்கத்தான்
கெஞ்சினேன், படம் வரைந்தேன்,
ஒரு நாள் கத்தியும் விட்டேன்.
"நல்லது" என்றாள்,
பிரதியில் இல்லாத சொல்.
பிறகு அடுத்த வரி.

விளக்கு வருமுன்னே அந்த ஆள் போய்விட்டார்.
சில்லறையாய் எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்கினாராம்,
வேறு தகவல் இல்லை.
"தினமும் பின்வரிசையில் ஓர் ஆளை இருத்தலாமே,
இரவுக்கு இருபது பவுண்" என்றார் தயாரிப்பாளர்.
சீ என்று சொல்ல
எனக்கு ஒரு முழு நிமிடம் எடுத்தது.
அதையும் எழுதி வைக்கிறேன்.

மறுநாள் முப்பத்தொரு பேர்.
நாற்பத்தோராம் நிமிடம்.
கேட்டாள்.
கீழே யாரோ கண்ணாடிக் கோப்பைகளை அடுக்குகிறார்கள்.
கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இரைந்து ஓய்ந்தது.
ஒளியறை இருட்டில் என் நாக்கு
மேலண்ணத்தைத் தொட்டு நின்றது.
நான் சொல்லியிருப்பேன்.
இன்னும் ஒரு வினாடி போயிருந்தால்
சொல்லியிருப்பேன்.
முன்வரிசையில் ஒரு பெண்
இருமல் வரப் பார்த்து, விழுங்கிக்கொண்டாள்.
தோள் இறங்கியது.
கேட்டவளுக்கு ஏதோ கேட்டிருக்கிறது.

பிரதியில் எழுதினேன்: காத்திரு, நாலு வினாடி.
பஸ்ஸில் வரும்போது
நாலை அழித்தேன்.

காலை, மண்டபம், பதினொரு பேர்.
பாட்டு வெட்டுப்பட்டு மூன்று நாள்.
கெட்டில் இருக்கும் மூலையில் யாரோ
வாய் திறக்காமல் அதை முனகுகிறார்கள்,
தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்குக் கீழே.
ரோரி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
நான் கதிரையைப் பார்த்தேன்.
"முடிவுக் காட்சி" என்றேன்,
"எங்கே விட்டோம்?"