ஓரத்தில் பென்சிலால்

வால்கா நகரில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
எட்டுக் குடும்பங்கள் இருக்கும் மரவீட்டின் கொதிகலன்
செவ்வாய் இரவு மூச்சை விட்டது.
துணி துவைக்கும் அறையில் கூட்டம்.
கோட்டைக் கழற்ற ஒருவருக்கும் துணிவில்லை.
பேச்சுக்கு முன்னால் ஆவி வந்தது வாயிலிருந்து.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் மைவே.
பகலில் மருந்துக்கடை, இரவில் தபால்வழியில் தர்க்கப் பாடம்.
மூன்றாம் பாடம் வரை வந்திருக்கிறாள்.
அதாவது, மற்றவர் தவறெல்லாம் தெரிகிற இடம் வரை.

"கின்ட்ஸ் குடிவந்தது திங்கள்.
கொதிகலன் செத்தது செவ்வாய்.
இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றாள் லெய்டா.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை
அவள் கேட்டிருக்க வழியில்லை;
அந்த ஊரில் காக்கை உண்டு, பனை கிடையாது.
மைவே ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்ததாகாது.

ஹெல்டுர் எழுந்தார்.
"லாட்வியாக்காரன். போதாததற்கு டிரம்போன் ஊதுகிறான்."
ஆளைப் பார்க்கிறார், குழாயைப் பார்க்கவில்லை.
"ஒன்று அவன் போக வேண்டும், இல்லை நாம் உறைய வேண்டும்."
மூன்றாவது வழி
முப்பது கிலோமீட்டர் தள்ளி, வேன் கண்ணாடியில்
பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

இன்று கொதிகலன், நாளை கூரை,
மறுநாள் வீடே நம்முடையதில்லை என்றது பின்வரிசை.
முப்பது வருஷமாக நடக்காதது என்றது முன்வரிசை.
சரி, கை தூக்குங்கள்.
பைக்குள் ஒடுங்கியிருந்த கைகள் ஏழு மேலே வந்தன.
கையை எண்ணினால் கைதான் கிடைக்கும், என்று எழுதினாள்.

கின்ட்ஸ் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான்.
எஸ்தோனிய மொழியில் அவனுக்கு நூறு சொல் தெரியும்.
அன்று அவற்றில் ஒன்பது வந்தன.
ஐந்து அவன் பெயர்.

பக்கம் முடியும்போது ஓரத்தில் ஆறு குறிப்புகள்.
ஆறு வாதமும் ஓட்டை.
ஆகவே அவன் குற்றமற்றவன் என்று அடிக்கோடிட்டாள் மைவே.
அந்த 'ஆகவே' என்ற சொல்லின்மேல்
அவளுக்குக் காதலே வந்துவிட்டது.

மெக்கானிக் ஆன்ட்ஸ் யாரோடும் பேசவில்லை.
குழாயில் காதை வைத்தபடி படியேறினார்.
இரண்டாம் மாடி, கின்ட்ஸின் அறை.
ரேடியேட்டரின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது;
அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் கடைசியில் கைகழுவும் தொட்டி.
வீட்டின் தண்ணீர் முழுவதும்
சொட்டுச் சொட்டாக அங்கே போயிருந்தது.
அழுத்தம் இறங்கவும் கொதிகலன் தானே அணைந்திருந்தது.
"சூடு வரவில்லை, காற்றை வெளியேற்றினேன்.
மூட மறந்துவிட்டேன்."

"சொன்னேனா இல்லையா!"
லெய்டாவின் குரல் மூன்று மாடியும் ஏறி இறங்கியது.

மைவே பென்சிலைச் சீவினாள். சீவியதையே மறுபடி சீவினாள்.
பிறகு ஏழாவது குறிப்பு, தன் பெயர் போட்டு:
கோணல் ஏணியில் ஏறியவளும் கூரையைத் தொடலாம்.
ஏணி கோணல் என்பதற்காகக்
கூரையே இல்லை என்றேன்.

இரவு. குழாய்கள் சூடேறி முனகின.
படிக்கட்டில் கின்ட்ஸ் கேட்டான்,
தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி:
"அவளுக்கு எப்படித் தெரிந்தது?"
"தெரியாது."
"ஆனால் சரி?"
"ஆமாம், சரி."
அவன் மூன்று படி யோசித்தான்.
"அடுத்த மாதம் கூரை ஒழுகினால்?"
"அப்போதும் உன்னைத்தான் சொல்வாள்."
"அப்போதும் சரியா?"

மைவே சாவியைத் தேடினாள்.
நான்காம் பாடம் இன்னும் தபாலில் வரவில்லை.