மூன்றாம் லைன்

சென்னையிலிருந்து வந்தவர்
மடிக்கணினியை அட்டைப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு
ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்:
எதுவரை படிப்பு?

படித்ததில் வேலைக்கு வேண்டியதைக் கழித்தால்
சிலருக்கு மிச்சம் வருமாம், சிலருக்குக் கடன் வருமாம்.
எது கம்பெனிக்கு லாபம் என்று
கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறாராம்.

பேரணாம்பட்டு வெயில்
தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.
பசை வாடையில் கண்ணைக் கசக்கியபடி
பத்தாவது என்றேன்.
பத்தொன்பது வருஷமாக அதே பத்தாவது.
எட்டோடு நின்றவள் நான்,
சூப்பர்வைசருக்குப் பத்து வேண்டும்.

முபீனா, பிளஸ் டூ என்றாள்
தைக்கிற தோலிலிருந்து தலை தூக்காமல்.
நான் வேறு பக்கம் திரும்பி
நூல் எண்ணினேன்.

வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவள்.
முதலில் போன கம்பெனியில் உண்மையைச் சொன்னாள்.
"படிச்ச பொண்ணு நிக்காது,
வேற வேல கெடச்சா ஓடிடும்"
கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள்.
வேறு வேலை கிடைத்திருந்தால்
அந்தக் கேட்டுக்கு ஏன் வரப்போகிறாள்.

போன ஆடியில், டீ ஆறிக்கொண்டிருக்க:
"அக்கா, பன்னெண்டு மெஷின்லயும்
பாபின் ஒரே நேரத்துல தீருது.
மாத்தித் தர்றது ஒரே ஆளு.
மொத்த லைனும் கைய கட்டிக்கினு நிக்குது.
காலைல பாதி பேருக்கு
அரை பாபின் போட்டுக் குடுங்க."

எனக்கு முழுசாக விளங்கவில்லை.
விளங்காததைச் செய்துபார்க்க எனக்குக் கூச்சமில்லை,
என் பங்கு அவ்வளவுதான்.

நாளைக்கு நாற்பது ஜோடி கூடியது.
மேனேஜர் எனக்கு டிபன் கேரியர் தந்தார்.
மேல் இரண்டு அடுக்கை அவளுக்குக் கொடுத்தேன்.
பிடியில்லாமல் எப்படித் தூக்கிப்போவது என்று
வெகுநேரம் சிரித்தாள்.

போர்டில் அறிக்கை ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷில்.
அவள்தான் குரலைத் தாழ்த்திப் படித்துச் சொன்னாள்:
மூன்றாம் லைனில் படிப்பும் வேலையும்
கச்சிதமாகப் பொருந்துகின்றன,
அதனால்தான் உற்பத்தி அதிகம்.
இனி தையலுக்கு பிளஸ் டூ மட்டும்,
மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம்.

"கணக்கு சரி அக்கா" என்றாள்,
"நாமதான் தப்பு."

நாலாவது மெஷினில் பாபின் தீர்ந்தது.
அதில் மட்டும்.