மதிப்பு என்ற கட்டம்

பாசல் ரயிலடித் தபாலகம்.
கண்ணாடிக்குப் பின்னால் திருமதி ட்ஷூடி
உறையைத் தராசில் வைக்கிறாள்.
ஒன்பது கிராம்.
உள்ளே என்ன?
வடிதாள்.
சுங்கத்துக்கு என்ன மதிப்பு போட?
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லை என்றால் கணினி ஏற்காது,
ஒரு ஃப்ராங்காவது சொல் என்றாள்.
சொன்னேன்.

அந்தத் தாளில் பென்சிலால் ஒரு வட்டம்
(பேனா கூடாது, மை ஊறும்).
வட்டத்துக்குள் நான் விட்ட சொட்டு காய்ந்து
கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது
ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்து.
பெறுகிறவர் கத்தரித்து, நீரில் ஊறவைத்து,
கிருமிக்குள் புகுத்தி ஒரு சூடு காட்டினால் போதும்.
பிறகு அதற்குக் கிணற்றுநீர் கொடுக்கலாம்.
ஆர்சனிக் இருந்தால் பச்சையாய் மினுங்கும்.
இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

சும்மா இருப்பதுதான் நல்ல செய்தி.
இதை நினைவில் வையுங்கள்.

காப்புரிமைப் பிரிவின் ப்ரோட்பெக்
பதினான்கு பக்க ஒப்பந்தத்தோடு வந்தார்.
இதன் மதிப்பு தெரியுமா உங்களுக்கு?
ஒரு ஃப்ராங்க், ரசீது இருக்கிறது என்றேன்.
ரெகுலா சிரித்துவிட்டாள்.
ஆய்வகம் அவளுடையது, கேட்டவர்க்கெல்லாம் அனுப்பு என்றவளும் அவள்தான்.
கையெழுத்தில்லாமலே மரபணுவைக்
கொடுத்து வாங்குகின்றன கிருமிகள்,
நாம் என்ன அவற்றைவிடப் பெரிய வியாபாரிகளா என்பாள்.

முப்பத்தேழு உறைகள் போயின.

பிப்ரவரியில் நான்த் நகரத்து மாணவி, சொலேன் என்று பெயர்,
எழுதியிருந்தாள்:
மன்னிக்கவும், என் பிழையாகவும் இருக்கலாம்.
நஞ்சை நானே அளந்து கலந்தேன்.
ஆனாலும் சும்மா இருக்கிறது.
நீங்கள் அனுப்பியதை எழுத்தெழுத்தாய் வாசித்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டில் ஏ வேண்டும்.
ஜி இருக்கிறது.

ஃப்ரீசரின் மூன்றாம் தட்டு.
குப்பியின் மேல் என் கையெழுத்து.
நான் வளர்த்தது. ஏதோ ஓர் இரவில்
தன்னைத்தானே படியெடுக்கும்போது கை தவறியிருக்கிறது.
ஏட்டில் என்றால் பாடபேதம் என்பார்கள்.
களை என்பதைக் கலை என்று எழுதிவிட்டால்
படிக்கிறவர் சிரித்துத் திருத்திக்கொள்வார்.
கிருமிக்குச் சிரிக்கத் தெரியாது.
நஞ்சின் எதிரில்
வாய்மூடி நிற்கத்தான் தெரியும்.

இனி அனுப்புவதைத் திருத்துங்கள், போதும்,
பழையதை யார் கேட்டார் என்றார் ப்ரோட்பெக்.

ரெகுலா ஜன்னலில் ரைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கோடையில் மீன்போன்ற பையில் துணியைத் திணித்துக்கொண்டு
நாங்கள் இருவரும் மிதந்து போகிற ஆறு.
இப்போது ஒரு சரக்குப் படகு, அதுவும் காலியாக.
முப்பத்தேழு பேருக்கும் எழுது,
மேலே என் பெயரைப் போடு என்றாள்.
பிழை என்னுடையது.
அப்படியானால் கீழே உன் பெயரைப் போடு.

பதில்கள் வந்தன.
எட்டு மாதம் போயிற்று என்று ஒன்று,
வணக்கம்கூட இல்லாமல்.
உறையைப் பிரிக்கவே இல்லை என்று நாலைந்து.
இன்னொன்று,
எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்:
ஒரு குழாயின் மேல் 'குடிக்கலாம்' என்று
வண்ணத்தில் எழுதிவிட்டோம்.
இன்று காலை போய்ச் சுரண்டினோம்.
குடத்தோடு நின்ற பெண் ஏன் என்று கேட்டாள்.
என்ன சொல்ல வேண்டும் என்று
நீங்களே எழுதி அனுப்புங்கள்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

இன்று மறுபடி பென்சில், மறுபடி வட்டங்கள்.
புதுக் குப்பி. இரண்டு பேர் வாசித்தது,
ஒருத்தி நான்த்தில்.
ட்ஷூடி தராசைப் பார்க்கிறாள், ஒன்பது கிராம்.
உள்ளே என்ன?
திருத்தம் என்று எழுதிவிட்டேன்.
அடுத்த கட்டத்தில்
பேனா நிற்கிறது.
பின்னால் வரிசையில் யாரோ இருமுகிறார்.