கடத்தல்காரன் எண் ஏழு

பழைய படத்தில் நாயகன் ஒரு குத்து விட்டால்
ஆள் பத்தடி பறப்பான்.
இந்தப் படத்தில் நாற்பதடி.
"கயிறு தெரியுதே சார்" என்றேன்.
"தெரியட்டும்" என்றார் இயக்குநர் விதுரன்.
"முப்பது வருஷம் முன்னால மறைச்சாங்க பாரு,
அதுதான் பொய்."
கயிற்றுக்குத் தங்கக் கலர் அடித்தார்கள்.

மண்டபம் வடகடல். கச்சான் ஓய்ந்த வாரம்.
எங்கள் வல்லம் ஒன்பதையும் நாள் வாடகைக்கு எடுத்தார்கள்,
எங்களையும் சேர்த்து.
லிங்கராசு கடத்தல்காரன் எண் மூன்று,
பூமிநாதன் ஐந்து,
நம்புசேகரன் ஆகிய நான் ஏழு.
முதுகில் எண் அச்சடித்த கறுப்புப் பனியன்,
யார் எத்தனை தடவை செத்தார்கள் என்று
கணக்கு வைக்க.

திங்கள் காலை துடுப்படியில் செத்தேன்.
மதியம் மீசை ஒட்டி, இளநீர் பட்டுச் செத்தேன்.
செவ்வாய் மீசையைப் பிய்க்க மறந்து
செத்தவனாகவே திரும்பப் போய் நின்றேன்.
உதவி இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டான்.
விதுரன் கைதட்டினார்:
"அப்படியே விடு. 'நீ செத்துட்டல்ல?'ன்னு அவர் கேப்பாரு.
நீ கொஞ்சம் யோசி.
'ஆமாண்ணே'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்க."
ஒரே டேக்.
என் வாழ்நாளின் முதல் வசனம் அது.
பேட்டா இருநூறு கூட.

மூலப்படத்தில் நண்பன் சாகும் இடத்தில்
ராமநாதபுரம் தியேட்டரில் நான் தேம்பி அழுதவன்.
இதில் அவன் ஆறு நிமிடம் சாகிறான்,
நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு.
நாயகனுக்கோ கடல் ஆகவில்லை.
வல்லம் விட்டு வல்லம் பைக்கில் தாவுகிறவர்
வல்லம் அசைந்தாலே வாந்தி.
அதையும் படம் பிடித்தார்கள்.

வியாழன்தான் பெரிய சண்டை. எல்லையில்.
"எல்லை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார் விதுரன்.
எங்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
பூமிநாதன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.
அதைத் தாண்டியதாக இரண்டு முறை
படிக்கத் தெரியாத மொழித் தாளில்
ரேகை வைத்தவன் அவன்.
நான் ஒரு முறை. ஏழு மாதம்.
என் பழைய படகு இன்னும் அங்கேதான்,
அணியத்தில் புல் முளைத்துக் கிடப்பதாக
போட்டோ வந்தது போனில்.
"தண்ணிக்குள்ள இல்ல சார்" என்றான் லிங்கராசு கடைசியில்,
"ஜிபிஎஸ் பெட்டிக்குள்ள இருக்கு."

"ஆடியன்ஸுக்குத் தெரியணுமே."
ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டார்கள்.
கால் மைல் நைலான் கயிறு, சிவப்பு மிதவைகள்,
நடுவில் தெர்மகோல் பலகை: எல்லை.

விடிந்து பார்த்தால்
இருந்தது.
இடுப்பளவு தண்ணீரில், கூப்பிடு தூரத்தில்.
சூடைக் குஞ்சுகள் அடியில் போய்வந்தன.
லிங்கராசு நடந்து போய்த் தொட்டுப் பார்த்தான்.
பூமிநாதன் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தான்,
எடுத்தான்,
வைத்தான்.
எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, வயிறு நோக,
எண் மூன்று கண்ணைத் துடைக்க, ஏழு இரும.
"சீன்ல சிரிப்பே இல்லையே" என்றான் உதவி இயக்குநர்.
"கேமரா ஓடுதா?" என்று
மெல்லக் கேட்டார் விதுரன்.

அன்று மாலை நாயகன் அதைப் பைக்கில் தாண்டினார்.
தங்கக் கயிறு வெயிலில் மின்ன
அந்தரத்தில் நின்று தலைவாரி
வசனம் முடித்து அந்தப் பக்கம் இறங்கினார்.
யாரும் கைது செய்யவில்லை.
குண்டு வெடித்த சத்தம் கேட்டு
மெரைன் போலீஸ் ஜீப் நிஜமாகவே வந்தது.
டீ குடித்து, அவரோடு செல்ஃபி எடுத்துப் போனது.
நான் பன்னிரண்டாம் தடவை செத்து மிதந்தேன்.
காதுக்குள் தண்ணீர். 'கட்' கேட்கவில்லை.
எழுந்தபோது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

லாரிகள் கிளம்பின.
எல்லையை அவிழ்க்க யாருக்கும் ஞாபகமில்லை.
மூன்றாம் நாள் அது இழுபட்டு வந்து என் வலையில் மாட்டி
எட்டுக் கண்ணியைக் கிழித்தது.
தெர்மகோல்தானே என்று நினைத்திருந்தேன்.

முனீஸ்வரி கயிற்றை அறுத்துப்
பின்வாசலில் கட்டினாள்.
ஏழாம் எண் பனியன் அதில் காய்கிறது,
பாதி இந்தப் பக்கம்,
பாதி அந்தப் பக்கம்.