லைற் போடுகிறவள்

என் இடுப்பில் ஆறு வீட்டுச் சாவிகள்.
கொக்குவிலில் இரண்டு, சுண்டுக்குளியில் மூன்று,
நல்லூர்ப் பின்வீதியில் ஒன்று.
எல்லாமாக இருபத்திரண்டு அறைகள்.

மாலை ஆறுக்கு விறாந்தை லைற் போடவேண்டும்,
விடிய நிற்பாட்டவேண்டும்.
ஆட்கள் இருப்பதுபோல் இருக்கவேண்டும் வீடு,
அதற்குத்தான் சம்பளம்.
குழாயைத் திறந்து துருத்தண்ணியைப் போகவிடுவேன்.
ஒருவரும் படுக்காத மெத்தைகளை
மாதம் ஒருமுறை புரட்டிப் போடுவேன்.

பருத்தித்துறை பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால்
நேசமலர் படுக்கிறாள்.
கடைசி பஸ் போனபிறகு சரிந்து
முதல் பஸ்ஸின் ஹோர்னுக்கு எழும்பவேண்டும்.

நகரம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன்.
திருவிழாவுக்கு முன் மாநகரசபை பவுசர் வந்து
அந்த இடத்தைக் கழுவியது.
அவள் எழும்பும்வரை காத்துநின்றுதான் கழுவினார்கள்,
அதையும் சொல்லவேண்டும்.
வாங்கின் நடுவில் இரும்புக்கம்பி பொருத்தினார்கள்.
இருக்கலாம், காலை நீட்டமுடியாது.
பிரதேச செயலகத்தில் ஒரு பிள்ளை
படிவத்தை எடுத்துத் தானே நிரப்பத் தொடங்கி
மூன்றாவது வரியில் பேனையை நிறுத்தினாள்:
நிரந்தர முகவரி.

லண்டனில் யாரோ ஒருவரின் தகப்பனுக்குத் திவசம் என்றால்
இங்கே பஸ் ஸ்ராண்டுக்குச் சோற்றுப் பார்சல் வரும்.
பனர் பிடித்துப் படம் எடுப்பார்கள்.
ஒரு ஞாயிறு ஏழு பார்சல்.
கொண்டக்டர் பெடியனுக்கு ஒன்று, நாய்களுக்கு மூன்று,
மிச்சம் இரவுக்குள் புளித்துப்போனது.
திங்கட்கிழமை ஒருவருடைய அப்பாவும் சாகவில்லை.

நானும் ஒரு பார்சலோடுதான் போனேன்.
வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்:
'கதவு பூட்டிக் குளிக்கிற இடம்
எங்கயும் கிடக்கோ, பிள்ளை?'

இருபத்திரண்டு அறைகள் இடுப்பில் கிலுங்கின.

சுண்டுக்குளி வீட்டின் பின்வளவில்
வேலையாட்களுக்கென்று கட்டிய ஓர் அறை, குளியலறையோடு.
கேற்றைத் திறந்து இருவரும் உள்ளே போய்
பத்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.
ரொறன்ரோவில் அப்போதுதான் விடிகிறது.
கிருபாளினி கமராவில் பார்த்துவிட்டாள்.

'ஆர் அக்கா அது?'
வளவு கூட்ட வந்த ஆள், என்றேன்.
'அப்ப ஏன் கையில சவர்க்காரப் பெட்டி?'

எனக்கு வேறு பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.
போனில் ஒரு கேத்தில் கொதித்து அடங்கியது.
வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
'சுடுதண்ணி வரும் அக்கா.
சுவிச் கதவுக்கு மேல கிடக்கு, ஆருக்கும் தெரியாது.'

மற்ற ஐந்து பேரிடமும் கேட்டேன்.
ஒருவர், சட்டச் சிக்கல் வரும் என்றார்.
ஒருவர், அம்மாவின் சாமான்கள் கிடக்கு என்றார்.
இரண்டு பேர் மெசேஜைப் பார்த்தார்கள், நீலக்கோடு விழுந்தது.
ஒருவர் ஐயாயிரம் ரூபாய் அனுப்பி
பார்சல் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.
பக்கத்து வீட்டு மாஸ்ரர் மதிலுக்கு மேலால் எட்டி
'ஊர் பேர் தெரியாத ஆளை' என்று தொடங்கினார்.
ஊர் நெடுந்தீவு, பேர் நேசமலர் என்றேன்.
அதற்குப்பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
ஒத்துக்கொண்டார் என்றும் சொல்லமுடியாது.

படிவத்துக்கு முகவரி எழுதலாமோ என்று
கிருபாளினியிடம் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.
அறையைக் கேட்பதைவிட அது பெரிய கேள்வி.
'எழுதுங்கோ' என்றாள்.
'கேற்றில நம்பர் தகடு விழுந்துபோச்சல்லோ,
அதையும் அடிச்சு விடுங்கோ.
தபால்காரன் தேடக்கூடாது.'

தகட்டை நேசமலர் பிடித்தாள், நான் ஆணி அடித்தேன்.
கொஞ்சம் சரிவாகத்தான் நிற்கிறது.

நேற்று மழை. ஆறு மணிக்குப் பிந்தி
சுண்டுக்குளிக்கு லைற் போடப் போனேன்.
போட்டுக் கிடந்தது.
சம்பளத்தில் அதைக் கழிப்பார்களோ தெரியாது.