இரவு 9.42

ஈரோடு, பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்
நெஞ்சு மயிரை அங்கங்கே மழித்து
ஐந்து வில்லைகளை ஒட்டினாள் ஜெசிந்தா.
இடுப்பில் சோப்புப் பெட்டியளவு கருவி.
இருபத்து நாலு மணி நேரம், குளிக்கக் கூடாது.
கூடவே ஒரு தாள்:
நேரம் என்றொரு கட்டம், செயல் என்றொரு கட்டம்.
"எதையும் மறைக்காம எழுதோணுங்க."

எழுதினேன்.
12.10 காங்கயம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
2.00 சாப்பாடு, ரசம் மட்டும்.
3.30 களத்தில் கொப்பரை எடை போட்டேன்.
4.15 எடையில் தகராறு, சத்தம் போட்டேன்.
(அங்கே துடிப்பு பெரிதாகக் கூடவில்லையாம்.
இருபது வருடச் சண்டை, நெஞ்சுக்குப் பழக்கம்.)

ராத்திரி மண்டபத்தில் நாடகம் என்றான் மச்சினன்.
கோயமுத்தூர்ப் பிள்ளைகள், டிக்கெட் இல்லை.
திரை இல்லை, ஜிகினா இல்லை, ராஜா இல்லை.
இருந்த முப்பது பேரில் பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள்.
நான் ஃபேன் காற்றுக்குத்தான் உட்கார்ந்தேன்.

நைட்டி மேல் துண்டு போட்ட ஒருத்தி வந்தாள்.
வசனம் கிடையாது.
தரையைத் துடைத்தாள்.
நாலு வட்டல் வைத்தாள்.
நிமிர்ந்தாள், எண்ணினாள்.
நாலாவதை எடுத்துத்
துண்டால் துடைத்து
(துடைக்க அதில் ஒன்றுமே இல்லை)
எடுத்த இடத்திலேயே கவிழ்த்தாள்.
ணங்.
அதுவும் முழு ணங் இல்லை,
மீதியை விரலால் அமுக்கிவிட்டாள்.

அவ்வளவுதான்.

முதலில் பசை இழுத்தது.
மழிக்காத மயிரெல்லாம் எழுந்து நிற்க
வில்லையின் ஓரங்கள் சுருக்கென்றன.
பிறகு பிடரி.
பிறகு தொண்டையில்
விழுங்கவும் துப்பவும் முடியாத கொப்பரைத் துண்டு.
இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைத்து
அங்கே படி இல்லாதது போல
நெஞ்சு ஒரு தரம் இறங்கியது.
மூச்சை இழுத்தது நானில்லை.
கண்ணுக்கு அதற்கப்புறம்தான் சேதி போனது.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.
நாலு பேர், நாலு வட்டல்.
அவளும் மேடையை விட்டு இறங்கியதும்
டீ குடித்துக்கொண்டு சிரித்தாள், பார்த்தேன்.
உடம்புக்கு மெய் என்று பேர் வைத்தவன்
எந்தக் கூட்டத்தில், எத்தனாவது வரிசையில்
உட்கார்ந்திருந்தானோ.

செயல்?
உட்கார்ந்திருந்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது.
"படி ஏறினேன்" என்று எழுதினேன்.

மறுநாள் தாளை விரித்தாள் ஜெசிந்தா.
"ராக்கியண்ணன், உங்க வீடு மாடிங்களா?"
"ஓட்டு வீடுங்க."
"அப்பறம் ஒம்பது நாப்பத்திரெண்டுக்கு
எந்தப் படி ஏறுனீங்க?"
பேனா முனையால் காட்டினாள்:
நாற்று நட்டாற் போல் ஒழுங்கான துடிப்புகள்,
ஒன்று மட்டும் முந்திக்கொண்டு,
பிறகு வெறும் தாள்,
பிறகு ஒன்று, உயரமாக.
"பத்தே காலுக்கும் இதே மாதிரி இருக்குது.
அதுக்கு ஒண்ணுமே எழுதலீங்களே?"

பத்தே கால்.
துளசிமணி சோறு போட வட்டல் வைத்த நேரம்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பையனுக்கு நைட் ஷிஃப்ட், அதனால் மூன்று.
மத்தியானமே போனில் சொல்லியிருந்தான், எனக்குத் தெரியும்.
நெஞ்சுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, காபியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.
வில்லைகளைப் பிய்த்தாள் ஜெசிந்தா.
நெஞ்சில் ஐந்து சிவப்பு வட்டங்கள்.
பொத்தானைப் போட்டுக்கொண்டே
"நாடகம் பாத்தேனுங்க" என்றேன்.
படியை அடித்துவிட்டு
பேனாவைத் தாள்மேல் நிறுத்திக்கொண்டாள்.
கட்டம் ரொம்பச் சின்னது.
"என்ன கதைங்க?"
"ஒரு பொம்பள வட்டல் எடுத்து வைக்கறாங்க."
"அப்பறம்?"

அப்புறம் வாய்க்கு வரவில்லை.
சட்டைக் கையை மேலே தள்ளி
முழங்கையைக் காட்டினேன்,
மயிர் மறுபடி எழுந்து நின்றது.